மாடல், தேடல், உதாரணம்: மூன்றையும் இணைக்கும் முறை

பெரிய மென்பொருள் ஒன்றை அமைக்க முற்படுகிறவர் முன்னே மூன்று வகைக் காரியங்கள் வந்து நிற்கின்றன. அமைப்பு இன்னதென்று வரையறுத்துச் சொல்லிவிடக்கூடிய காரியம் ஒன்று. எது நல்லதென்று அளந்து சொல்ல முடிந்தும், அந்த நல்லது எங்கே இருக்கிறதென்று காட்ட முடியாத காரியம் இரண்டாவது. எப்படிச் செய்ய வேண்டுமென்று விதியாக எழுத வராமல், ‘இதோ, இதைப் போல’ என்று சுட்டிக்காட்ட மட்டும் இயலுகிற காரியம் மூன்றாவது. முதலாவதற்கு மாடலாக்கமும், இரண்டாவதற்குத் தேடல் வழிப் பொறியியலும், மூன்றாவதற்கு உதாரண வழிப் பொறியியலும் தனித்தனியே பிறந்து, தனித்தனியே வளர்ந்து, நெடுநாள் ஒன்றையொன்று அதிகம் பாராமலே இருந்து வந்தன. நடைமுறையில் எந்த வேலையும் இந்த மூன்றில் ஒன்றாக மட்டும் வருவதில்லை; ஆகையால் மூன்றையும் எந்த வரிசையில், எந்த எச்சரிக்கையோடு இணைப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். வாசகர் வகுப்பு வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்றும், ஏதேனும் ஒரு நிரல்மொழியில் பழக்கமுள்ளவர் என்றும் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1. மூன்று மரபுகள்

மாடலாக்கத்துக்குப் பொதுவான ஒரு மொழி கிடைத்தது 1997 நவம்பரில், கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஈவார் ஜேக்கப்சன் ஆகிய மூவரின் முயற்சிகள் ஒன்றுகூடிப் பிறந்த யூ.எம்.எல்.லை ஓ.எம்.ஜி. என்ற தொழில் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டபோதுதான். அதற்குப் பின் மாடலைப் படமாக வைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், மாடலிலிருந்து நிரலையும், ஒரு மாடலிலிருந்து இன்னொரு மாடலையும் இயந்திரமே உண்டாக்கும்படி செய்யும் கொள்கை பரவிற்று.

தேடல் வழி இன்னும் பழையது. 1976ஆம் ஆண்டிலேயே வெப் மில்லர், டேவிட் ஸ்பூனர் ஆகிய இருவரும் ஒரு நிரலைச் சோதிப்பதற்கான எண்களை எண்ணியல் உகப்பாக்க முறையால் தேடிப் பெற முடியும் என்று காட்டினார்கள். இயற்கைத் தேர்வைக் கணிதமாக்கிய ஜான் ஹாலந்தின் நூல் 1975இலும், உலோகத்தைச் சூடாக்கி மெல்லக் குளிர்விக்கும் செயலைப் பின்பற்றிய குளிர்விப்பு முறை 1983இலும் வெளிவந்தன. இவையெல்லாம் மென்பொருள் வேலைகளுக்குப் பொதுவாகப் பயன்படும் ஒரு துறையாகத் திரண்டு, மார்க் ஹார்மன், பிரையன் ஜோன்ஸ் ஆகியோரால் தேடல் வழி மென்பொருள் பொறியியல் என்ற பெயரைப் பெற்றது 2001இல்.

உதாரண வழியை வாசகர்களில் பெரும்பாலோர் அறியாமலே அனுபவித்திருப்பார்கள். 2013ஆம் ஆண்டின் எக்செல்லில் வந்த ஃபிளாஷ் ஃபில் என்ற வசதி, பெயர்ப் பட்டியலின் பக்கத்தில் ஒன்றிரண்டு வரிகளை நாம் வேண்டிய விதமாக எழுதிக் காட்டியதும், மீதி வரிகளையெல்லாம் தானே அந்த விதமாக நிரப்பிவிடுகிறது. சுமித் குல்வானியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அந்த வசதி உள்ளுக்குள்ளே செய்வது, நாம் காட்டிய உதாரணத்துக்குப் பொருந்தும் சிறு நிரல்களைத் தேடி, அவற்றுள் எளியதைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆக, உதாரணமும் தேடலும் அங்கே ஏற்கெனவே கைகோத்து நிற்கின்றன.

2. மாடலை வரம்போடு எழுதுக

தேடல் எங்கே நடக்க வேண்டுமென்று எல்லை போடுவது மாடல். அந்த எல்லையைத் தெளிவாகப் போடாமல் தேடலைத் தொடங்குகிறவர், இயந்திரத்தின் நேரத்தில் பெரும்பகுதியைப் பொருளற்ற விடைகளைப் பரிசீலிப்பதில் விரயமாக்குவார். ஆகையால் முதற் காரியம் மெட்டாமாடலை எழுதுவது: மாடலில் எந்த வகை உறுப்புகள் வரலாம், அவற்றுக்கிடையே எந்த வகைத் தொடர்புகள் இருக்கலாம் என்று வரையறுப்பது. இரண்டாவது காரியம், படத்தால் சொல்ல முடியாத நிபந்தனைகளை ஓ.சி.எல். போன்ற ஒரு மொழியில் எழுதிவைப்பது.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே ஒரு சிறு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலகத்தின் வழங்கல் மேசைக்கு மென்பொருள் எழுதுகிறோம். நூல் தலைப்பு, இருப்பு, உறுப்பினர் பெயர், நிலுவைத் தொகை என்று நான்கு பண்புகள். நூல் வழங்கல், நூல் திரும்பப் பெறல், நிலுவைக் கணக்கு என்று மூன்று செயல்கள். வழங்கல் என்ற செயல் தலைப்பையும் இருப்பையும் தொடுகிறது. நிலுவைக் கணக்கு உறுப்பினர் பெயரையும் நிலுவைத் தொகையையும் தொடுகிறது. திரும்பப் பெறல் தலைப்பையும் இருப்பையும் தொடுவதோடு, தாமதமாக வந்த நூலுக்கு அபராதம் சேர்க்க வேண்டியிருப்பதால் நிலுவைத் தொகையையும் தொடுகிறது. செயல்கள் ஒன்றையொன்று அழைப்பதில்லை என்று கொள்வோம். இந்த ஏழு உறுப்புகளையும் எந்தெந்த வகுப்புகளில் வைப்பது என்பதே கேள்வி. இங்கே எழுத வேண்டிய நிபந்தனை ஒன்றே: ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஒரு வகுப்பில் இருக்க வேண்டும், இரண்டிலும் இருத்தல் கூடாது, எதிலும் இல்லாமலும் போகக் கூடாது.

ஏழு உறுப்புகள்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். ஏழு உறுப்புகளைக் குழுக்களாகப் பிரிக்க 877 வழிகள் உண்டு; பத்து உறுப்புகளானால் 1,15,975; பதினெட்டானால் 68,207 கோடிக்கும் மேல். வகுப்புப் பொறுப்புப் பங்கீடு என்று பெயர்பெற்ற இந்தப் பிரச்சினையை 2016ஆம் ஆண்டின் மாடல் உருமாற்றக் கருவிப் போட்டியில் கொடுத்தபோது, மிகச் சிறிய கணக்கில் 9 உறுப்புகளும், மிகப் பெரிய கணக்கில் 160 உறுப்புகளும் இருந்தன. அவ்வளவு பெரிய வெளியில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது எந்த இயந்திரத்துக்கும் சாத்தியமில்லை.

3. அளவுகோலை எழுதுக

அடுத்த காரியம், ஒரு பங்கீட்டைப் பார்த்தவுடன் அதன் தகுதியை ஓர் எண்ணாகச் சொல்லும் அளவுகோல். அந்தப் போட்டியில் கையாண்ட அளவுகோலையே நாமும் கைக்கொள்வோம். ஒரு வகுப்பின் செயல்கள் அதே வகுப்பின் பண்புகளை எத்தனை இடத்தில் தொடுகின்றன என்று எண்ணி, அந்த வகுப்பின் செயல்களின் தொகையைப் பண்புகளின் தொகையால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது அதன் உட்பிணைப்பு. ஒரு வகுப்பின் செயல்கள் வேறொரு வகுப்பின் பண்புகளை எத்தனை இடத்தில் தொடுகின்றன என்று எண்ணி, முன்னதன் செயல்களையும் பின்னதன் பண்புகளையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது வெளிச்சார்பு. உட்பிணைப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து வெளிச்சார்புகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதே மதிப்பு. செயல் செயலை அழைப்பதற்கும் இதே போன்ற ஒரு பகுதி அந்த அளவுகோலில் உண்டு. நம் சந்தர்ப்பத்தில் அது பூஜ்யமாதலால் விட்டுவிடுகிறோம்.

ஏழு உறுப்புகளையும் ஒரே வகுப்பில் கொட்டிவிட்டால், தொடும் இடங்கள் ஏழு, பெருக்குத்தொகை பன்னிரண்டு, மதிப்பு 0.58. வழங்கலும் திரும்பப் பெறலும் தலைப்பு, இருப்பு ஆகியவற்றோடு ஒரு வகுப்பாகவும், நிலுவைக் கணக்கு உறுப்பினர் பெயர், நிலுவைத் தொகை ஆகியவற்றோடு மற்றொரு வகுப்பாகவும் இருந்தால், உட்பிணைப்பு இரண்டு வகுப்பிலும் முழுமையாக 1. திரும்பப் பெறல் நிலுவைத் தொகையைத் தொடுவதால் வெளிச்சார்பு 0.25; மதிப்பு 1.75. இதையே தலைகீழாக்கி, செயல்களை அப்படியே வைத்துப் பண்புகளை மட்டும் இடம் மாற்றிவிட்டால் மதிப்பு கழித்தல் 1.75 ஆகிவிடுகிறது. அனுபவமுள்ள பொறியாளர் கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பும் இந்த மூன்று எண்களும் ஒத்துப்போகின்றன என்பதைக் கவனிக்க. அப்படி ஒத்துப்போகிறதா என்று கையால் கணக்கிட்டுப் பார்க்காமல் எந்த அளவுகோலையும் இயந்திரத்தின் கையில் கொடுக்கலாகாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோமென்றால், அளவுகோலில் ஒரு பாதியை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை இதே சந்தர்ப்பத்தில் பிரத்தியட்சமாகக் காணலாம். வெளிச்சார்பை மறந்து உட்பிணைப்பை மட்டும் அளப்பதாக வைத்துக்கொள்வோம். வழங்கலும் தலைப்பும் ஒரு வகுப்பு, திரும்பப் பெறலும் இருப்பும் ஒரு வகுப்பு, நிலுவைக் கணக்கும் மீதி இரண்டு பண்புகளும் ஒரு வகுப்பு என்று துண்டாடிய பங்கீடு 3 மதிப்பெண் பெறும். நாம் மெச்சிய பங்கீடோ 2தான் பெறும். முழு அளவுகோலில் அந்தத் துண்டாடிய பங்கீட்டின் மதிப்பு வெறும் 0.5. இயந்திரம் இதில் குற்றவாளியல்ல. கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும், அவ்வளவே.

4. தேடலை நடத்துக

மாடலின் மேல் தேடுவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. மாடலை எண்களின் வரிசையாகக் குறியாக்கி, அந்த வரிசையின்மேல் வழக்கமான தேடல் முறைகளை ஓட்டுவது ஒன்று. மாடலை மாடலாகவே வைத்துக்கொண்டு, அதை மாற்றும் உருமாற்ற விதிகளையே தேடலின் அடிகளாக்குவது மற்றொன்று. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான மோமோட் என்ற கருவி, எந்த விதியை எந்த வரிசையில் பிரயோகிப்பது என்பதையே தேடுகிறது, எம்.டி.இ.ஆப்டிமைசர் என்ற கருவி மாடல்களையே ஒரு கூட்டமாக வைத்து, விதிகளைக் கொண்டு அவற்றைத் திரித்து வளர்க்கிறது. நம் வேலைக்கு மூன்றே விதிகள் போதும்: ஓர் உறுப்பை ஒரு வகுப்பிலிருந்து வேறொரு வகுப்புக்கு மாற்றுதல், புதிய வகுப்பு ஒன்றை உண்டாக்குதல், வெறுமையான வகுப்பை நீக்குதல். விதிகளை இவ்வாறு எழுதினால் நிபந்தனை ஒருபோதும் மீறப்படுவதில்லை என்பதே இரண்டாவது மார்க்கத்தின் விசேஷம்.

முறைகளுள் எளியது மலையேற்றம்: இருக்கும் இடத்திலிருந்து ஓரடி வைத்துப் பார்த்து, மதிப்பு உயர்ந்தால் அங்கே போவது, இல்லையேல் வேறோர் அடியைப் பார்ப்பது. தலைகீழான பங்கீட்டிலிருந்து தொடங்குவோம். நிலுவைக் கணக்கைத் தன் பண்புகள் இருக்கும் வகுப்புக்கு மாற்றினால் மதிப்பு கழித்தல் 1.75இலிருந்து கழித்தல் 0.17 ஆகிறது; வழங்கலைத் தலைப்பும் இருப்பும் உள்ள வகுப்புக்கு மாற்றினால் 1.25, திரும்பப் பெறலையும் அங்கே கொண்டுசென்றால் 1.75. மூன்றே அடிகளில் காரியம் முடிந்தது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் கொட்டிய பங்கீட்டிலிருந்து தொடங்கினால் கதை வேறு. ஏழு உறுப்புகளுள் எந்த ஒன்றைத் தனியே பிரித்தாலும் மதிப்பு 0.58க்குக் கீழேதான் இறங்குகிறது. மிகக் குறைவாக இறங்குவது உறுப்பினர் பெயரைப் பிரிக்கும்போது, அப்போதும் 0.33. மலையேற்றம் அங்கேயே நின்றுவிடும். ஒரு சிறு குன்றின் உச்சியை மலையுச்சி என்று அறிவித்துவிடும். பழைய நிரல்களைச் சீர்திருத்த வருகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் வகுப்புகளைத்தான் பெரும்பாலும் எதிர்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால், இது அற்பமான இடையூறு அன்று.

இங்கேதான் குளிர்விப்பு முறை உதவிக்கு வருகிறது. மதிப்பு குறையும் அடியையும் ஒரு நிகழ்தகவின்படி ஏற்பது அதன் இலட்சணம். தொடக்கத்தில் தாராளமாக, போகப் போகக் கண்டிப்பாக. 0.58இலிருந்து 0.33க்கு இறங்கும் அந்த 0.25 நஷ்டத்தை, அந்தத் தாராளத்தை நிர்ணயிக்கும் வெப்ப அளவு 0.5 ஆக இருக்கும்போது நூற்றில் சுமார் 61 தடவை முறை ஏற்கும். வெப்ப அளவு 0.05 ஆகக் குறைந்தபின் ஆயிரத்தில் சுமார் ஏழு தடவைதான் ஏற்கும். அந்த ஓரடி நஷ்டத்தைச் சகித்தால், நிலுவைக் கணக்கு உறுப்பினர் பெயரோடு போய்ச் சேரும்போது மதிப்பு 1.5 ஆகவும், நிலுவைத் தொகையும் கூடச் சேரும்போது 1.75 ஆகவும் உயர்ந்துவிடுகிறது.

உட்பிணைப்பையும் வெளிச்சார்பையும் கழித்து ஒரே எண்ணாக்காமல் இரண்டு தனித்தனி நோக்கங்களாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மய் தேவும் அவருடைய மாணவர்களும் உருவாக்கி 2002இல் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ.-2 என்ற மரபணு முறையைக் கையாளலாம். ஒன்றில் முன்னேற வேண்டுமானால் மற்றொன்றில் பின்வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையிலுள்ள பங்கீடுகளின் வரிசை ஒன்றை அது கொடுக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது பொறியாளரின் பொறுப்பு.

5. உதாரணத்தைச் சேர்க்க

அளவுகோலாக எழுத வராத நோக்கங்களும் உண்டு. வகுப்பு வரைபடத்தைத் தரவுத்தள அட்டவணைகளாக மாற்ற வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிறுவனத்தில் அட்டவணைகளை எப்படி அமைக்கும் வழக்கம் என்று மூத்த பொறியாளரைக் கேட்டால், அவர் விதி சொல்ல மாட்டார். பழைய திட்டமொன்றின் வரைபடத்தையும் அட்டவணைகளையும் எடுத்து முன்னே வைப்பார். தையற்காரரிடம் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்து, ‘இதேபோல் தைத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருகிற அதே யுக்திதான் இது. இந்த யுக்தியை மாடல் உருமாற்றத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி ஆராய்ச்சிகளுள் ஒன்று டானியல் வர்ரோ 2006இல் வெளியிட்டது. மூல மாடலையும் இலக்கு மாடலையும் ஜோடியாகக் கொடுத்து, உருமாற்ற விதிகளைப் படிப்படியாக வருவிப்பது அதன் வழி. 2008இல் மாண்ட்ரியாலைச் சேர்ந்த மருவான் கெசெந்தினி முதலிய மூவர் இதைத் தேடலோடு இணைத்தனர்: விதிகளையே எழுதாமல், பழைய உதாரணங்களின் துணுக்குகளுள் எவற்றைப் புதிய மாடலின் எந்தப் பகுதிக்குப் பொருத்துவது என்பதை உகப்பாக்கப் பிரச்சினையாக்கித் தீர்த்தனர்.

உதாரணங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. ‘நூல்’ என்ற ஒரு வகுப்பையும் அதற்கான ஓர் அட்டவணையையும் மட்டும் உதாரணமாகக் கொடுத்தால், ‘ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அட்டவணை’ என்ற விதியும் அதற்குப் பொருந்தும். ‘தாய் வகுப்பு இல்லாத வகுப்புக்கு மட்டும் ஓர் அட்டவணை’ என்ற விதியும் பொருந்தும். ‘உறுப்பினர்’ என்ற வகுப்பின் கீழ் ‘மாணவ உறுப்பினர்’, ‘ஆயுள் உறுப்பினர்’ என்ற இரண்டு சேய் வகுப்புகளையும், அவை மூன்றும் வகை என்ற ஒரு பத்தியுடன் ஒரே அட்டவணையாகியிருப்பதையும் காட்டிய பிறகே முதல் விதி விழுகிறது. ‘நூல்’ போன்ற நூறு ஒற்றை வகுப்புகளை உதாரணமாகக் குவித்தாலும் அந்தச் சந்தேகம் தீராது. உதாரணத்தின் பலம் அதன் எண்ணிக்கையில் இல்லை; போட்டியிடும் விதிகளுள் ஒன்றையாவது வெளியேற்றுகிறதா என்பதில் இருக்கிறது.

அளவுகோலையே உதாரணத்திலிருந்து பெறவும் வழியுண்டு. குறையுள்ள வகுப்புகள் என்று அனுபவஸ்தர்கள் அடையாளமிட்டவற்றைக் கொடுத்து, குறையைக் கண்டறியும் விதிகளை மரபணு நிரலாக்கத்தால் தேடிப் பெற்ற ஆராய்ச்சிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே தேடலின் வெளி விதிகளின் மெட்டாமாடல். தகுதியை நிர்ணயிப்பவை உதாரணங்கள். மூன்று மரபுகளும் ஒரே வேலைக்குள் ஒன்றுகூடும் இடம் அதுதான்.

6. பணியின் வரிசை

மேலே சொன்னவற்றைத் தொகுத்துச் செய்முறையாகச் சொன்னால் இவ்வாறு வரும்.

1. விடை எந்த உருவில் வர வேண்டுமோ அதற்கு மெட்டாமாடலையும், மீறக்கூடாத நிபந்தனைகளையும் எழுதுக.
2. நல்லது, நடுத்தரம், தீயது என்று மூன்று விடைகளையாவது கையால் வரைந்து, அளவுகோல் அவற்றை அதே வரிசையில் வைக்கிறதா என்று கணக்கிடுக.
3. அளவுகோலாக எழுத முடியாத நோக்கங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு உதாரணத்தையும், கூடுமானால் ஓர் எதிர் உதாரணத்தையும் சேகரிக்க.
4. உதாரணங்களுள் ஒரு பகுதியைத் தேடலுக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்து, கிடைத்த விதிகளை இறுதியில் அவற்றின்மேல் சோதிக்க.
5. முதலில் எழுந்தமானத் தேடலை ஓட்டுக. அதைக்காட்டிலும் மேலான விடையைத் தராத முறைக்கு உங்கள் வேலையில் இடமில்லை.
6. நிகழ்தகவைச் சார்ந்த முறைகளை வெவ்வேறு தொடக்க எண்களோடு பலமுறை ஓட்டுக. ஆராய்ச்சியாளர்களிடையே 30 முறை ஓட்டுவது வழக்கம். தொடக்க எண்களைக் குறித்துவைத்தால், விடையைப் பின்னொருவரும் மீட்டெடுக்கலாம்.
7. வந்த விடையைப் பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டி, அவர் நிராகரிப்பவற்றைப் புதிய எதிர் உதாரணங்களாகச் சேர்த்து, மீண்டும் மூன்றாம் படிக்குச் செல்க.

ஏழாம் படியை வீண் சிரமமென்று தள்ளிவிட வேண்டாம். முதல் சுற்றில் வரும் விடை பெரும்பாலும், நாம் சொல்ல மறந்தது என்ன என்பதைத்தான் நமக்குக் காட்டும். அதைக் கண்டுபிடித்துத் தருவதே முதல் சுற்றின் பிரயோஜனம்.

எங்கே இந்த முறை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். விதி தெளிவாகத் தெரிந்த உருமாற்றத்துக்குத் தேடல் எதற்கு? நேரே விதியை எழுதிவிடுவதே உத்தமம். விடையின் தகுதியை எண்ணாலும் சொல்ல முடியாது, உதாரணத்தாலும் காட்ட முடியாது என்ற நிலையில், பிரச்சினை இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள். அப்போது தேவைப்படுவது பயனாளரோடு உட்கார்ந்து பேசுவதுதான்.

இந்த மூன்றையும் இணைத்து வேலை செய்யும் பொறியாளர் நிரல் எழுதும் உழைப்பிலிருந்து ஓரளவு விடுபடுகிறார்; நோக்கத்தைச் சொல்லும் பொறுப்பிலிருந்து சிறிதும் விடுபடுவதில்லை. அளவுகோலும் உதாரணத் தொகுப்பும் வடிவமைப்பு ஆவணங்களே. நிரலைப் போலவே அவற்றையும் பதிப்பு எண்ணோடு சேமித்து, சகாக்களின் பரிசீலனைக்கு வைத்து, மாற்றத்துக்குக் காரணம் எழுதிப் பாதுகாக்க வேண்டும். வாசகர் இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க விரும்பினால், அது இதுவாக இருக்கட்டும்: தேடலை ஓட்டுவதற்கு ஒதுக்கும் நேரத்தைக் காட்டிலும், எதைத் தேடுகிறோம் என்பதைப் பற்றிக் கூடிப் பேசுவதற்கு ஒதுக்கும் நேரம் ஒருபோதும் குறையலாகாது.